"இன்னைக்கு 14 லாரிம்மா": ஏடிஎச்டி பையனுக்காக ஸ்கூலுக்கு நடையா நடந்த கதை

"இன்னைக்கு 14 லாரிம்மா." மூணாம் ஆண்டு படிக்கும்போது என் பையன் ஸ்கூல் விட்டு வந்து பையைத் தூக்கி எறிஞ்சதும் சொல்ற முதல் வார்த்தை இதுதான். எங்க ஊரு மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், சுத்தி செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம், ஸ்கூல் ரோட்டோரமா இருக்கு, மில்லுக்குக் குலை ஏத்திட்டுப் போற லாரியெல்லாம் அந்த வழியாத்தான் போகும். எந்த லாரியில குலை சறுக்கி ரோட்டுல விழுந்துச்சு, எந்த டிரைவர் ஹார்ன் அடிச்சான், எது நம்பர் பிளேட் தொங்கிட்டுப் போச்சு எல்லாம் சொல்வான். கணக்குப் பாடத்துல என்ன நடந்துச்சுன்னு கேட்டா முழிப்பான். நானும் சிரிச்சுட்டு சோறு போடப் போயிடுவேன். கிளாஸ்ல அவனைக் கடைசி வரிசையில ஜன்னலோரமா தனியா உக்கார வெச்சிருக்காங்கன்னு எனக்கு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியும். "மத்த பிள்ளைங்களை டிஸ்டர்ப் பண்றான்மா, அதான்"னு சொன்னாங்க.

போன வாரம் எங்க ஃபேக்டரியில ஒரு தங்கச்சி, அவ பையனும் இதே மாதிரி, ரீசஸ் டைம்ல அழுதுகிட்டே வந்து "அக்கா நீங்க எப்படிக்கா பண்ணீங்க, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது"ன்னு கேட்டா. சோறு சாப்பிடுற அரை மணி நேரத்துல எவ்ளோ சொல்ல முடியும். அதனால எழுதுறேன். எனக்கு இதை யாரும் முன்னாடியே சொல்லல, சொல்லியிருந்தா ஒன்றரை வருஷமும் மூவாயிரம் வெள்ளியும் (ரிங்கிட்) மிச்சமாயிருக்கும்.

ஆரம்பம் 2023 மார்ச், அந்த வருஷம் மார்ச்லதானே ஸ்கூல் தொறந்தாங்க. தினமும் ஏதாவது ஒரு கம்ப்ளெய்ன். ரூலரைக் கடிச்சு வெச்சிருக்கான், வெள்ளைப் பலகையில இருக்குறதைப் பாதி எழுதி விட்டுட்டான், கேள்வி கேட்டு முடிக்குறதுக்குள்ள பதில் கத்துறான். வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல வேலை, மாசம் ஒரு தடவைதான் வருவாரு, அதனால எல்லாம் என் தலையிலதான். மாமியார் மந்திரிச்சு கயிறு கட்டிவிட்டாங்க. பக்கத்து வீட்டு அண்ணி "ரெண்டு ரோத்தான் (பிரம்படி) போட்டா சரியாயிடும், நம்மளையெல்லாம் அப்படித்தானே வளர்த்தாங்க"ன்னாங்க. ஒரு நாள் ஹேங்கரால அடிச்சிட்டேன். நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்த அசதி, ஒரே ஒரு பக்கம் ஹோம்வொர்க்குக்கு ரெண்டரை மணி நேரம் உக்காந்திருக்கான். அடி வாங்கிட்டு அவன் சொன்னது, "எனக்கும் முடிக்கணும்னுதாம்மா இருக்கு." அதை இப்போ எழுதும்போதும் கை நடுங்குது. டியூஷன் போட்டேன், மாசம் 80 வெள்ளி, எட்டு மாசம். ஸ்கூல்ல கேக்க முடியாத பிள்ளைக்கு அதே மாதிரி இன்னொரு ரூம்ல இன்னும் ரெண்டு மணி நேரம், என்ன புண்ணியம் சொல்லுங்க.

டியூஷன் டீச்சர்தான் முதல்ல ஏடிஎச்டின்ற வார்த்தையைச் சொன்னது, அதாவது கவனம் ஒரு இடத்துல நிக்காம, துறுதுறுன்னு இருக்குற பிரச்சினை, அதுக்கு அந்தப் பொண்ணுக்கு நான் கடன்பட்டிருக்கேன். அடுத்து பண்ணினதுதான் என்னோட பெரிய தப்பு. பயத்துல நேரா ஈப்போவுல ஒரு பிரைவேட் சைக்காலஜிஸ்ட்கிட்ட ஓடினேன். ரெண்டு செஷன், 1,200 வெள்ளி, 9 பக்கம் இங்கிலீஷ் ரிப்போர்ட். அதை ஃபோட்டோஸ்டேட் எடுத்து ஸ்கூல்ல குடுத்தா "கவர்மெண்ட் டாக்டர் லெட்டர் வேணும்மா"ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. பின்னாடி ஓகேயு கார்டுக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டைக்கு, வெல்ஃபேர் ஆபிஸ்ல ஃபாரம் வாங்கிப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, அதுல ஒரு பகுதியை டாக்டர் பூர்த்தி பண்ணி சாப் (முத்திரை) போடணும், சைக்காலஜிஸ்ட் ரிப்போர்ட்டை மட்டும் வெச்சு ஒண்ணும் நடக்காது. ரிப்போர்ட் தப்புன்னு சொல்லல, நல்லாத்தான் எழுதியிருந்தாங்க. ஆனா அவசரமில்லாதவங்க முதல்ல போக வேண்டிய இடம் நம்ம ஊரு கிளினிக் கெசெஹாத்தான், அதாவது அரசாங்க சுகாதார கிளினிக். ஒரு வெள்ளி கட்டினா டாக்டர் பாத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் எழுதிக் குடுப்பாரு, ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்ல 5 வெள்ளி. 1,200 எங்க, 6 எங்க. காத்திருக்கணும், அது உண்மை. 2023 நவம்பர்ல லெட்டர், 2024 ஜனவரி கடைசியில அப்பாயிண்ட்மெண்ட்.

அப்பாயிண்ட்மெண்ட் அன்னைக்கு டாக்டரம்மா ரெண்டு ஃபாரம் குடுத்தாங்க, ஒண்ணு எனக்கு, ஒண்ணு கிளாஸ் டீச்சருக்கு. ஏடிஎச்டின்னு முடிவு பண்ணனும்னா வீட்டுல மட்டும் இருந்தா பத்தாதாம், குறைஞ்சது ரெண்டு இடத்துலயாவது அந்தப் பிரச்சினை தெரியணும், 12 வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும், ஆறு மாசத்துக்கு மேல தொடர்ந்து இருக்கணும். அதனால டீச்சர் ஃபாரம் இல்லாம அவங்களால எதுவும் சொல்ல முடியாது. நான் அடுத்த நாளே கொண்டு போய்க் குடுத்துட்டேன். டீச்சர் "பாத்துக் குடுக்குறேன்மா"ன்னு டிராயர்ல வெச்சாங்க. அவ்ளோதான். பிப்ரவரியில வருஷக் கடைசி லீவு விட்டுட்டாங்க, அந்த டீச்சர் வேற ஸ்கூலுக்கு மாறிப் போயிட்டாங்க. மார்ச்ல தொறந்தா நாலாம் ஆண்டு, புது டீச்சர். "எனக்கு இவனைப் பத்தி ஒண்ணும் தெரியாதேம்மா, ரெண்டு மாசம் பாத்துட்டுதான் எழுத முடியும்"னாங்க. அவங்க சொன்னதுல நியாயம் இருக்கு. ஆனா ஏப்ரல் அப்பாயிண்ட்மெண்ட்டுக்கு வெறுங்கையோட போனேன், ஜூலைக்குத் தள்ளிட்டாங்க. ஒரு காகிதம் டிராயர்ல கெடந்ததுக்கு மூணு மாசம். பஸ் ஸ்டாப்ல உக்காந்து அழுதேன், பையன் "தேத்தாரே வாங்கித் தாம்மா"ன்னு கேட்டுகிட்டு இருக்கான்.

அதனால டீச்சர் ஃபாரத்தைக் குடுத்துட்டு வராதீங்க. "எப்போ வரட்டும் டீச்சர்"னு தேதி கேட்டு, அதை அவங்க கண்ணு முன்னாடியே போன்ல குறிச்சு, அன்னைக்குப் போய் நில்லுங்க. வருஷக் கடைசின்னா இன்னும் உஷாரு, லீவுக்கு முன்னாடி பழைய டீச்சர்கிட்ட எழுதி வாங்கிடணும், ஒரு வருஷம் பாத்த கண்ணு அது. முடிஞ்சா கணக்கு டீச்சர், பாஷா டீச்சர் ரெண்டு பேர்கிட்டயும் ரெண்டு வரி எழுதி வாங்குங்க.

ஜூலை 2024-ல ஏடிஎச்டின்னு உறுதியாச்சு. கேட்டதும் எனக்கு வருத்தம் வரல, அப்பாடான்னு இருந்துச்சு, நான் கெட்ட அம்மா இல்லன்னு யாரோ சாப் குத்திக் குடுத்த மாதிரி. ஆஸ்பத்திரியில ஒரு மெமோ குடுத்தாங்க, இன்னாருக்கு ஏடிஎச்டி, மேல் நடவடிக்கைக்கு, அவ்ளோதான் ஒரே வரி. பெரிய ஆயுதம் கெடச்ச மாதிரி ஸ்கூலுக்குப் போனேன். கிராணி (கிளார்க்) வாங்கி ஃபைல்ல பஞ்ச் பண்ணி மாட்டினாங்க. மறுநாள் பையன் வந்து "இன்னைக்கு 11"ன்னான்.

அங்கதான் எனக்கு விஷயம் புரிய ஆரம்பிச்சுது. நோயோட பேரு எழுதின லெட்டர் எந்த டீச்சரையும் எதையும் செய்ய வெக்காது. ஏடிஎச்டின்னா என்ன பண்ணணும்னு அவங்களுக்கும் தெரியாது, பாவம், நம்ம சின்ன ஸ்கூல், ஒரு டீச்சரே பாடமும் எடுத்து கோ-கோவும் (புறப்பாட நடவடிக்கை) பாத்து பிபிடிக்கு (மாவட்டக் கல்வி ஆபிஸ்) ரிப்போர்ட்டும் அனுப்பணும். ஆனா எனக்கு அப்போ அந்தப் பொறுமை இல்ல. கூகுள்ல தேடி 2008-ல வந்த ஓகேயு சட்டத்தோட 28-வது பிரிவை பிரிண்ட் எடுத்தேன். ஊனமுள்ள பிள்ளைங்களைப் பொதுக் கல்வியிலேர்ந்து ஒதுக்கக் கூடாது, அவங்க தேவைக்கு ஏத்த மாதிரி கற்பிக்கிற முறை, உதவி எல்லாம் குடுக்கணும்னு அதுல இருக்கு. 2019-லேர்ந்து ஸீரோ ரிஜெக்ட் பாலிசி வேற. ரெண்டையும் ஹைலைட்டர்ல மஞ்சள் அடிச்சு எச்.எம் மேசையில வெச்சேன், குரலும் கொஞ்சம் ஏறிடுச்சு. அவங்க மூஞ்சி அப்படியே மாறிடுச்சு. "நாங்க பையனைச் சேர்த்துக்கலைன்னு சொன்னோமா? ரிஜெக்ட் பண்ணோமா? சட்டமெல்லாம் பேசுறதுன்னா ஸ்பெஷல் கிளாஸ் இருக்குற ஸ்கூலுக்கு மாத்திக்குங்கம்மா, எங்ககிட்ட அந்த வசதி இல்ல." அந்த ஸ்கூல் 12 கிலோமீட்டர் தள்ளி. எப்படிக் கொண்டு போய் விடுறது, யாரு கூட்டிட்டு வர்றது.

அந்தச் சட்டத்தைப் பத்தி எனக்கு அப்புறம் தெரிஞ்சது, மீறினா இன்ன தண்டனைன்னு அதுல எதுவும் கெடையாது, அரசாங்கத்து மேல கேஸ் போட முடியாம தடுக்குற பிரிவுகள் வேற இருக்கு. உரிமை இருக்கு, ஆனா அதுக்குப் பல்லு இல்ல. ஸீரோ ரிஜெக்ட்டும் பிள்ளையை ஸ்கூல்ல சேர்த்துக்குறதைப் பத்தினது, கிளாஸ்ல எங்க உக்கார வெக்கிறாங்கன்னு அது வந்து பாக்காது. அதை வெச்சு மிரட்டினதுல எனக்குப் போனது ரெண்டு மாசம், எச்.எம்மோட நல்லெண்ணமும். சட்டத்தைத் தெரிஞ்சு வெச்சுக்குங்க, ஆனா பைக்குள்ளயே இருக்கட்டும்.

மாத்தி விட்டது ஆஸ்பத்திரியில இருந்த ஓ.டி, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சின்ன மலாய்க்காரப் பொண்ணு. நான் புலம்புனதைக் கேட்டுட்டு "காக் (அக்கா), லெட்டர்ல என்ன எழுதணும்னு நீங்க சொல்லுங்க, கிளாஸ்ல எது எது அவனுக்குக் கஷ்டம்"னு கேட்டுச்சு. லாரிக் கதையைச் சொன்னேன், அது சிரிச்சுகிட்டே எழுதுச்சு. முன் வரிசை, ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி. பத்து கணக்கு குடுத்தா அஞ்சு அஞ்சா பிரிச்சுக் குடுக்கணும். வாயால சொல்றதை ரெண்டு வரியில மேசையில ஒட்டணும். பலகையிலேர்ந்து காப்பி பண்ற வேலையைக் குறைக்கணும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்க ஒரு வேலை, புக்கு விநியோகம், பலகை துடைக்கிறது இப்படி. தண்டனைன்னு ரீசஸைப் புடுங்கக் கூடாது, ஓடியாடலன்னா மிச்ச நேரம் பூரா அவனால உக்கார முடியாது. டெஸ்ட்டுக்குக் கூடுதல் நேரம். ஏழெட்டு வரி, எல்லாம் மலாய்ல, டாக்டர் கையெழுத்து, ஆஸ்பத்திரி சாப். காசு செலவாகுற ஒரு விஷயம்கூட அதுல கெடையாது, அதுதான் முக்கியம். "எங்ககிட்ட வசதி இல்ல"ன்னு சொல்ல இடமே இல்ல.

இந்தத் தடவை வேற மாதிரி போனேன். முதல்ல எச்.எம்கிட்ட "அன்னைக்குக் கொஞ்சம் சத்தமா பேசிட்டேன் டீச்சர், மனசுல வெச்சுக்காதீங்க"ன்னு சொன்னேன். கவுரவம் பாத்தா வேலை நடக்காது. கிளாஸ் டீச்சர், கவுன்சலிங் டீச்சர் ரெண்டு பேரையும் வெச்சுப் பேசணும்னு கேட்டேன். லெட்டரோட ரெண்டு காப்பி, ஒண்ணுல ஆபிஸ் சாப்பும் தேதியும் போட்டு வாங்கிகிட்டேன். வீட்டுக்கு வந்து அன்னைக்கே வாட்ஸ்அப்ல, "வணக்கம் டீச்சர், இன்னைக்குப் பேசினபடி திங்கக்கிழமையிலேர்ந்து முன் சீட்டு, கணக்கு அஞ்சு அஞ்சா, ரொம்ப நன்றி"ன்னு அனுப்புனேன். நன்றி சொல்ற மாதிரியும் ஆச்சு, எழுத்துல ஒரு சாட்சியும் ஆச்சு. டீச்சர் ஒரு கும்பிடு எமோஜி போட்டாங்க, அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கேன், சிரிக்காதீங்க, பின்னாடி அது உதவுச்சு.

ஸ்பெஷல் கிளாஸ் விஷயத்துக்கு பிபிடிக்கு நேரா போய், சிறப்புக் கல்வி பாக்குற ஆபிசரைப் பாத்தேன். கம்ப்ளெய்ன்னு போகல, விளக்கம் கேக்கன்னு போனேன். அவருதான் சொன்னாரு, பிபிகேஐன்றது தனி கிளாஸ், இன்னொண்ணு இன்க்ளூசிவ், அதாவது சாதாரண கிளாஸ்லயே மத்த பிள்ளைங்களோட இருந்து உதவியோட படிக்கிறது, ஏடிஎச்டி இருந்தாலே தனி கிளாஸ்தான்னு கெடையாதுன்னு. அவரு ஸ்கூலுக்கு ஒரு போன் போட்டாரு, அதுக்கப்புறம் மாத்திக்குங்கன்ற பேச்சு வரல. சில பிள்ளைங்களுக்குத் தனி கிளாஸ்தான் நல்லது, என் தோழி பையன் அங்க போய்த்தான் பேசவே ஆரம்பிச்சான், நான் அதைக் குறை சொல்லல. என் பையனுக்கு அது தேவைப்படல, அவ்ளோதான். ஆன்லைன்ல சிஸ்பாவுல, அதாவது கல்வி அமைச்சோட புகார் தளத்துல, புகார் போடலாம்னு நிறைய பேர் சொன்னாங்க. போடலாம், ஆனா சின்ன ஊருல அது கடைசிப் படி. நாளைக்கும் அதே டீச்சர் மூஞ்சியிலதானே நம்ம பிள்ளை முழிக்கணும்.

2024 அக்டோபர் நடுவுல சீட்டு மாத்துனாங்க. அன்னைக்கு சாயங்காலம் "எத்தனை லாரி"ன்னு நானே கேட்டேன். "தெரியல, பாக்கல"ன்னுட்டு கார்ட்டூன் பாக்கப் போயிட்டான். சத்தம் போடாம குசினிக்குள்ள போய் நின்னேன் கொஞ்ச நேரம்.

மருந்து பத்தியும் ஒண்ணு சொல்லிடணும், ஏன்னா அதுவும் ஸ்கூலோட சம்பந்தப்பட்டது. டாக்டர் குடுத்தது மீத்தைல்ஃபெனிடேட், ரிட்டாலின்னு சொல்வாங்க, அந்த சாதாரண மாத்திரை நாலு மணி நேரம் வாக்குலதான் வேலை செய்யும். ஆறரைக்குக் குடுத்து அனுப்புனா பத்தரைக்கு மேல கரைஞ்சு போயிடும். "காலையில நல்லாத்தான் இருக்கான், ரீசஸுக்கு அப்புறம் வேணும்னே பண்றான்"னு டீச்சர் சொன்னது இதனாலதான். எந்தப் பீரியட்ல எப்படி இருக்கான்னு ரெண்டு வாரம் டீச்சரை ஒரு தாள்ல டிக் மட்டும் பண்ணித் தரச் சொல்லி, அதை டாக்டர்கிட்ட காட்டுனேன், அவங்க நேரத்தை மாத்திக் குடுத்தாங்க. பசி குறையும், அதனால மாத்திரைக்கு முன்னாடியே ரெண்டு இட்லியாவது உள்ள தள்ளிடுவேன். மருந்தை நீங்களா கூட்டாதீங்க குறைக்காதீங்க, பக்கத்து வீட்டுக்காரங்க பேச்சைக் கேட்டு நான் ஒரு வாரம் நிறுத்தி அவஸ்தைப்பட்டேன்.

இதோட முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன். 2025 பிப்ரவரியில அஞ்சாம் ஆண்டு தொறந்தாங்க, ரெண்டாவது வாரம் பையன் வந்து பையை எறிஞ்சிட்டு, "இன்னைக்கு 9 லாரிம்மா, ஒண்ணு புதுசு, ஹீனோ." எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. புது கிளாஸ் டீச்சர், புது ரூம், ஃபைல் ஆபிஸ் அலமாரியிலேயே தூங்குது. யாரும் எடுத்துக் குடுக்கல, யாரும் கெட்டவங்களும் இல்ல. சாப் போட்ட காப்பியும் பழைய டீச்சரோட வாட்ஸ்அப்பும் கையில இருந்ததால ஒரே நாள்ல முடிஞ்சுது, புது டீச்சர் "முன்னாடியே செஞ்சிருக்காங்களா, அப்ப சரி"ன்னுட்டாங்க. அந்த கும்பிடு எமோஜிதான்.

ஓகேயு கார்டையும் 2025-லதான் எடுத்தேன், மாமியார் "ஊனம்னு சீட்டு எடுத்தா நாளைக்குப் பொண்ணு யாரு குடுப்பா"ன்னு ஒரு வருஷம் இழுத்தடிச்சாங்க. ஏடிஎச்டி அதுல மசாலா பெம்பெலாஜாரான், கற்றல் பிரச்சினைன்ற பிரிவுல வரும். கார்டு இருந்தா கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில காசு கட்ட வேணாம். மாசம் 150 வெள்ளி அலவன்ஸ்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அது கார்டு எடுத்ததும் தானா வராது, ஸ்கூல்ல சிறப்புக் கல்வித் திட்டத்துல, இன்க்ளூசிவா இருந்தாலும் சரி, பிள்ளையைப் பதிஞ்சிருக்கணும். பிற்காலத்துல எஸ்பிஎம்ல (இடைநிலைப்பள்ளி முடிவுல எழுதுற பரீட்சை) கூடுதல் நேரம், தனி ரூம் வேணும்னாலும் ஸ்கூல் மூலமா லெம்பாகா பெபெரிக்சாஆனுக்கு (தேர்வு வாரியம்) டாக்குமெண்டோட மனு போகணும், பரீட்சைக்கு முந்தின மாசம் போய்க் கேட்டா நடக்காது.

கணக்குப் போட்டா, சைக்காலஜிஸ்ட் 1,200, டியூஷன் 640, சம்பளமில்லா லீவு 11 நாள், ஒரு நாளைக்கு 57 வெள்ளிக்கு மேல, லீவு எடுத்த ஆறு மாசத்துக்கு வருகை அலவன்ஸ் 100 வெள்ளி வீதம் போச்சு. மூவாயிரத்தைத் தாண்டும். தெரிஞ்சு போயிருந்தா நாலு நாள் லீவுல முடிஞ்சிருக்கும்.

இந்த வருஷம், 2026-ல, ஸ்கூல் மறுபடியும் ஜனவரிக்கே வந்துடுச்சு. முதல் வாரமே போனேன், அதே லெட்டர், புது தேதி போட்டு ஓ.டிகிட்ட டிசம்பர்லயே வாங்கி வெச்சது. அடுத்த வருஷம் இடைநிலைப்பள்ளி, மலாய் ஸ்கூல், கிளாஸுக்கு நிறைய பிள்ளைங்க, பாடத்துக்கு ஒரு டீச்சர், எல்லார்கிட்டயும் சொல்லணும். தமிழ்ப்பள்ளி ஃபைல் தானா அங்க போகாதுன்னு கவுன்சலிங் டீச்சரே சொல்லிட்டாங்க. ஃபிரிட்ஜு மேல நீலக் கலர் ஃபைல் ஒண்ணு இருக்கு, எல்லாத்துலயும் அஞ்சு காப்பி. அந்த ஸ்கூல் எந்த ரோட்டுல இருக்குன்னு போன ஞாயித்துக்கிழமை பையனை மோட்டார்ல கூட்டிட்டுப் போய்க் காட்டுனேன். கேட்டுக்கு வெளிய நின்னு ரெண்டு பக்கமும் பாத்துட்டு, "இந்தப் பக்கம் லாரி வராதும்மா, பஸ்சுதான்"னான்.